செத்த காலேஜுக்கு ரெண்டு பேர்

"டேய் நவுஷாத்து! யாருடா செத்தது?"

போனை எடுத்ததும் அம்மா ஷர்புன்னிசா போட்ட சத்தத்தில், கூரியர் ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஆளே ஒரு அடி பின்னால் போனார்.

"யாரும் சாவலம்மா. இன்னா ஆச்சு?"

"யாரும் சாவலியா? நீதானே குரூப்புல போட்டுகிற! அஸ்ரின் செத்தாளாம், உனக்கு மதியம் பிரியாணியாம்! வடக்கனந்தல்ல உன் மாமியாரு மாருல அடிச்சிக்கினு கெடக்கிறாங்க. மருமவ இதோ என் எதிர்ல வெங்காயம் உரிச்சிக்கினு கீறா. நல்லாத்தான் கீறா. கண்ணுல தண்ணி வருது, அது வெங்காயத்துக்கு!"

நவுஷாத் பதறிப்போய்க் குடும்ப குரூப்பைத் திறந்தான். அவன் போனிடம் சொன்னது இது: "ஞாயித்துக்கெழம அஸ்ரின கூட்டிக்கினு செத்த காலேஜ் போறேன். மதியம் பிரியாணி. ராத்திரிக்குள்ள அன்சர் மச்சானோட சேத்து அனுப்பி வெச்சிடுவேன்."

போன் எழுதியிருந்தது இது: "ஞாயிற்றுக்கிழமை அஸ்ரின் செத்தா. காலேஜ் போறேன். மதியம் பிரியாணி. ராத்திரிக்குள்ள அன்சர் மச்சானோட சேத்து அனுப்பி வெச்சிடுவேன்."

அதற்குக் கீழே அஸ்ரின் கூடப்பிறந்த மச்சான் அன்சர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "என்னையுமா?"

சென்னையில் பார்சல் ஒட்டுகிறவனுக்குக் கை இரண்டும் எந்நேரமும் டேப்பிலும் அட்டைப்பெட்டியிலும் மாட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னதை எழுதிக்கொள்ளும் அந்தப் போனோ புத்தகத் தமிழ் படித்தது. கள்ளக்குறிச்சித் தமிழ் அதன் காதில் விழுந்தால், தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். மியூசியம் என்றே சொல்லியிருக்கலாம்தான். அம்மாவுக்குப் புரியாதே என்று, அத்தா எப்போதும் சொல்கிற பழைய மெட்ராஸ் பேரைச் சொன்னான். மிருகங்கள் உயிரோடு இருக்கிற இடம் உயிர் காலேஜ். செத்ததை அடைத்து வைத்திருக்கிற எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். இதில் என்ன தப்பு? நவுஷாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கேட்டது ஒரே ஒரு நாள். நிக்கா முடிந்து அவன் ஊரில் இருந்த நாளெல்லாம் வீடு முழுக்க விருந்தாளிகள். பெண்டாட்டியிடம் அவன் தனியாகப் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் ஒரு டீ ஆறுகிற நேரம்கூடத் தேறாது. அதற்குள் லீவு முடிந்தது. சென்னையில் அவனுக்கு இருப்பது திருவல்லிக்கேணி மேன்சனில் நாலு பேரோடு ஒரு ரூம். அங்கே அவளைக் கூட்டிவர முடியாது. அதனால்தான் அன்சர் அவளை பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டுத் தன் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட வேண்டியது, காலையில் மியூசியம், மதியம் ஓட்டலில் பிரியாணி, சாயங்காலம் பீச், அப்புறம் திரும்ப அன்சர் என்று ஏற்பாடு. போன வாரமே அவன் மியூசியத்துக்குத் தனியாகப் போய், எந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் என்ன பேசுவது என்று பேசிப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"இரும்மா, நான் வெளக்கமா போடறேன்," என்று போனை வைத்தான்.

வாயைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிதானமாகச் சொன்னான்: "செத்தா இல்ல, செத்த. செத்ததுங்கள எல்லாம் அங்க கண்ணாடிப் பொட்டியில வெச்சிருப்பாங்க. அத அஸ்ரினுக்கு காட்டத்தான் போறேன்."

அந்த ஒரு தடவை மட்டும் போன் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியது.

மாமியாரின் குரல் மெசேஜ் உடனே வந்தது. "மாப்ள, எங்க வூட்ல பொண்ணுங்கள சினிமாவுக்குக் கூட அனுப்புனதில்லீங்க. நீங்க மொதமொதல்ல பொணம் பாக்கவா கூட்டிக்கினு போறீங்க?"

அதன் பின்னாலேயே அத்தா முகம்மது கவுஸ். கள்ளக்குறிச்சியில் தானியக் கடை வைத்திருக்கிறவர். எதைச் சொன்னாலும் கடைக்கு எதிர்ப்புறம் நிற்கிற லாரிக்காரனுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். "அட, பொணமும் இல்ல ஒண்ணும் இல்ல சம்மந்தி! செத்த காலேஜ்னா எக்மோர் மியூசியம்! இத்தா பெரிய திமிங்கலத்து எலும்பு தொங்கும். சரக்கு எடுக்க மெட்ராஸ் போகசொல்ல பாத்துகிறேன்."

நவுஷாத் பெருமூச்சு விட்டான். பெற்றவர் என்றால் இவரல்லவா!

அடுத்த மெசேஜும் அவரிடமிருந்தே வந்தது. "எனக்கே அத மறுக்கா ஒருவாட்டி பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச."

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

இதை இங்கேயே கிள்ளிவிட வேண்டும். மறுப்பது மாதிரியும் இருக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அத்தா, ஓட்டல்ல ரெண்டு பேருக்கு மட்டும்தான் டேபிள் சொல்லிகிறேன்."

போன் எழுதியது: "அத்தா, ஓட்டலில் ரெண்டு பேருக்கு மட்டன் தான் டேபிள் சொல்லி இருக்கிறேன்."

அத்தா: "மத்தவங்களுக்கு சிக்கன் போதும்டா. செலவு இழுத்துக்காத."

மாமனார்: "எனக்கு சுகரு. பருப்புத் தாளிச்சா மட்டும் இருந்தா போதும் மாப்ள."

தங்கச்சி ஹப்சா: "எனக்கு பலூடா."

நவுஷாத்துக்குக் காது மடல் சூடானது. சாப்பாட்டை யார் கேட்டார்கள்? ஒரு புருஷன் தன் பெண்டாட்டியோடு ஒரு நாள் வெளியே போவதற்கு இத்தனை பேர் ஆர்டர் கொடுப்பார்களா? டீ குடிக்க வெளியே வந்தவன், தெருவோரமாக நின்று, மரியாதையெல்லாம் போதும் என்று முடிவு செய்து, அழுத்தந்திருத்தமாகப் போனிடம் சொன்னான்: "நீங்க எல்லாரும் வர வாணாம்."

பக்கத்தில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்தது. அவன் ஒதுங்கிக்கொண்டே மெசேஜைப் படிக்காமல் அனுப்பிவிட்டான்.

வாணாம் என்றால் என்னவென்று கள்ளக்குறிச்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். போனுக்குத் தெரியவில்லை. அது தன் படிப்புக்கு எட்டிய வரையில் திருத்தி எழுதியது: "நீங்க எல்லாரும் வர வேணும்."

டீ கிளாஸை வைப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். "எம்புள்ளைக்கு எவ்ளோ பெரிய மனசுடா! சம்மந்தி வூட்டையும் சேத்துக் கூப்புட்டியே. உன் மாமியாரு இப்பதான் சொன்னாங்க, மாப்ள வாய தொறந்து வர வேணும்னு கூப்புட்டப்புறம் போவாம இருந்தா மரியாதையா இருக்குமான்னு."

"அம்மா, அது வந்து..."

"தெரு பூரா சொல்லிட்டேன்டா!"

அவன் போனை வைத்துவிட்டு ஹப்சாவைக் கூப்பிட்டான். "ஏய், எப்புடியாவது நிறுத்துடி."

"இனிமே நீ வாணாம்னு சொன்னா அம்மா சோத்துல கைய வெக்க மாட்டாங்கண்ணே. அதுவும் இல்லாம அண்ணி வண்டி பேசிட்டாங்க."

"யாரு? அஸ்ரினா?"

"அண்ணியேதான். அத்தா பஸ்ஸுலயா ட்ரெயின்லயான்னு யோசிச்சிக்கினு இருந்தாரு. அண்ணி எழுந்து, வண்டி நான் பேசறேன் மாமான்னுட்டாங்க. நம்ம கடைக்கு கரியாலூரு மலையில இருந்து சாமையும் புளியும் ஏத்திக்கினு வருவாரே, கண்ணுசாமி அண்ணன், அவரு வேன். அவரு ஜாஸ்தி பேர் ஏறுற வண்டியும் கீதுன்னாரு. அண்ணிதான் சின்னதே போதும்னாங்க."

இதுதான் நவுஷாத்தை நேராகக் குத்தியது. ஊரே கூடி வரட்டும், அது அவன் விதி. ஆனால் இவளே வண்டி பேசுவாளா? அப்படியானால் அவனோடு தனியாக இருக்க அவளுக்கு இஷ்டமில்லையா? அவன் நேராக அவளுக்கே போன் போட்டான்.

"நீயா வண்டி பேசுன?"

"ஆமாங்க."

"நான் எவ்ளோ ஆசையா பிளான் போட்டேன் தெரியுமா?"

"ம்."

"இன்னா ம்?"

"மாமி பக்கத்துல கீறாங்க." குரல் தணிந்தது. "ஞாயித்துக்கெழம நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா இருந்தீங்கன்னா அதுவே போதும்."

போன் கட்டாகிவிட்டது. சும்மா இருந்தால் போதுமாம்! கட்டிய புருஷனுக்குச் சொல்கிற பேச்சா இது!

ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியம் கேட்டருகில் நின்றவன் முன்னால் அந்த வேன் வந்து நின்றது. கதவு திறந்ததும் அத்தா, அம்மா, ஹப்சா, மாமனார், மாமியார், அன்சர், அன்சரின் பெண்டாட்டி பிள்ளைகள், அதற்கும் பின்னால் யார் வீட்டு உறவு என்று அவனுக்கே பிடிபடாத இரண்டு பேர் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக அஸ்ரின் இறங்கினாள். பச்சை நிறத்தில் புது துப்பட்டா. அவனைத் தாண்டிப் போகும்போது, "சட்ட நல்லா கீது," என்றாள் மெதுவாக.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபத்தில் இருந்தான்.

உள்ளே போனால், எந்தெந்தப் பெட்டி முன்னால் அவன் பேசுவதாக இருந்தானோ அங்கெல்லாம் அத்தா பேசினார்.

"இதுதான் திமிங்கலம்! நல்லா பாத்துக்கம்மா அஸ்ரினு!"

"ஒரு மீனு முள்ளப் பாக்க இவ்ளோ தூரமா?" என்றாள் அம்மா. "சதப்பத்து எங்க?"

மாமியார் பஞ்சடைத்த புலி முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "கண்ண தொறந்துக்கினே செத்துகிது பாவம்."

நவுஷாத் இரண்டு தடவை அஸ்ரின் பக்கத்தில் போய் நின்றான். இரண்டு தடவையும் நடுவில் யாரோ புகுந்தார்கள். ஒரு தடவை மாமனார், கக்கூஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டு. இன்னொரு தடவை அன்சர், "என்னைய எப்ப அனுப்பி வெக்கப் போறீங்க மச்சான்?" என்று சிரித்துக்கொண்டு.

வெளியே கண்ணுசாமி ஹாரன் அடித்தார். எல்லாரும் ஏற ஆரம்பித்தார்கள். அஸ்ரின் மட்டும் கீழே நின்றுகொண்டு அவன் கிட்டே வந்தாள்.

"ஏங்க, வண்டியில உங்களுக்கு எடம் இல்ல. நீங்க ஏறாதீங்க."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் நவுஷாத்துக்குப் பொங்கிவிட்டது.

"எனக்கா எடம் இல்ல? பிளான் போட்டவன் நானு! திமிங்கலம் பாக்க வந்தவருக்கு எடம் கீது, தாளிச்சா சாப்புட வந்தவருக்கு எடம் கீது, பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் எடம் கீது, எனக்கு எடம் இல்லியா?"

"மெதுவா பேசுங்க."

"நான் ஏன் மெதுவா பேசணும்?"

ஜன்னலில் அத்தாவின் தலை வந்தது. "ஏன்டா கத்துற? ஒரு ஆட்டோ புடிச்சி பின்னாலியே வாயேன்."

அஸ்ரின் சட்டென்று திரும்பினாள். "மாமா, அவரு எப்புடித் தனியா..."

"நீ எனக்காகப் பேச வாணாம்!" என்றான் நவுஷாத். "வந்தா இந்த வண்டியிலதான் வருவேன்!"

பின்கதவைத் திறந்தான். கடைசி சீட்டுக்குப் பின்னால், தண்ணி கேனுக்கும் சாப்பாட்டுக் கூடைக்கும் நடுவில் ஸ்டெப்னி டயர் படுத்திருந்தது. அதன் மேல் ஏறி, முழங்காலை மோவாயில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்தான்.

கண்ணுசாமி கண்ணாடியில் பார்த்தார். "தம்பி, அங்க வாணாம்பா. எறங்கிக்க."

"நீங்களுமாண்ணே?"

"மலையில கூட நான் அங்க ஆள ஏத்துனதில்லபா. புளி மூட்டதான் போடுவேன்."

"அப்ப நான் புளி மூட்டையாவே இருந்துட்டுப் போறேன். வண்டிய எடுங்க!"

அஸ்ரின் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றாள். அப்புறம் ஏறித் தன் சீட்டில் உட்கார்ந்தாள். ஓட்டல் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள்தான் என்று நினைத்துக்கொண்டான் நவுஷாத். செய்த காரியம் அப்படி.

ஓட்டலில் அவன் சொல்லி வைத்திருந்த ரெண்டு பேர் டேபிள் ஜன்னலோரமாகத் தயாராக இருந்தது. நடுவில் ஒரு ரோஜாப்பூ, தட்டு மேல் இதயம் மாதிரி மடித்த துணி. "மட்டன் டேபிள் எதுப்பா?" என்று சர்வரிடம் கேட்டுக்கொண்டே அத்தாவும் மாமனாரும் அதில் போய் உட்கார்ந்தார்கள். ரோஜாப்பூவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாடிகள். இதயத்தை உதறி மடியில் விரித்துக்கொண்டு உளுந்து விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சுகர் மாமனார் மட்டனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடைசிப் பந்தியில் நவுஷாத்துக்கு வந்தது தாளிச்சா.

கை கழுவும் இடத்தில் அஸ்ரின் அவனை நிறுத்தினாள். "ஏங்க, செருப்பு அறுந்துபோச்சு. தெருக்கோடியில செருப்புக் கட கீது. வாங்க, போயி வாங்கிக்கினு வந்துடலாம்."

அவனுக்கு ரோஷம் வந்தது. சும்மா இருந்தால் போதும் என்று சொன்னாளே, நான் யார் என்று காட்டுகிறேன்.

"நீ உக்காரு! நான் எதுக்கு கீறேன்?"

"இல்லங்க, நானும்..."

"உக்காருன்றேன்!"

அவள் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் ஓடினான். இரண்டு தெரு தள்ளி மரத்தடியில் தைக்கிறவர் ஒருவர் இருந்தார். அறுந்ததோடு சேர்த்து அறாததையும் தைத்து வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான்.

"இந்தா. ஆயுசுக்கும் அறாது."

அஸ்ரின் செருப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "தெச்சிட்டீங்களா?" என்றாள்.

"ரெண்டையும்!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஒரு தேங்க்ஸ் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

பீச்சில் எல்லாரும் இறங்கினார்கள். நவுஷாத் இறங்கவில்லை. இறங்கினால் மறுபடியும் எடம் இல்லை என்பாள். அந்த அவமானம் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். டயர் மேலேயே உட்கார்ந்திருந்தான். ஹப்சா சுண்டல் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனாள். தூரத்தில் அம்மா முட்டிவரை தண்ணீரில் நின்று அலறிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தா பலூன் சுட்டார்.

அஸ்ரின் வந்தாள். துப்பட்டா காற்றில் பறந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் தண்ணியில கீறாங்க. எறங்கி வாங்களேன். செத்த நடந்துட்டு வரலாம்."

"எறங்குனா எடம் போயிடும்."

"போவட்டுமே."

"போவட்டுமா? என் எடமா?" அவன் டயரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நான் எறங்க மாட்டேன். எவன் வந்து எறக்குறான்னு பாக்கறேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பியை விட்டுவிட்டு அலையைப் பார்க்க நடந்து போனாள். வெயில் தாழ்ந்துவிட்டது.

மேன்சன் தெருமுனையில் வேன் அவனை இறக்கிவிட நின்றது. எல்லாரும் தொழுதுவிட்டு வந்து ஊருக்குக் கிளம்பலாம் என்று அத்தா சொல்லிவிட்டார். ஆண்கள் பள்ளிவாசலுக்கும் பெண்கள் அத்தாவின் கூட்டாளி வீட்டு மாடிக்கும் போனார்கள். முழங்கால் நிமிராமல் நொண்டிக்கொண்டே நவுஷாத் டீக்கடைக்குப் போனான். அங்கே கண்ணுசாமி பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். இந்த நாளில் அவன் கோபத்தைக் கேட்க மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான்.

"ஏன்ணே, நீங்களே சொல்லுங்க. கட்டுன புருஷன் நான் டயரு மேல. கண்டவங்க எல்லாம் சீட்டு மேல. ஒரே ஒரு சீட்டு ஜாஸ்தியா இருக்கற வண்டி உங்ககிட்ட இல்லியா? எனக்குன்னு ஒரு எடம் வேணும்னு யாருக்குமே தோணலியா?"

கண்ணுசாமி பன்னை டீயிலேயே விட்டுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரிய வண்டிதான் எடுத்தாரேன்னு சொன்னேன்பா. உன் வூட்டுக்காரம்மாதான், 'எல்லாரும் உக்காந்தப்புறம் அவருக்கு மட்டும் எடம் இருக்கக் கூடாதுண்ணே, அப்பதான் அவருக்குத் தொணையா நானும் எறங்கிக்க முடியும், நீங்க இவங்கள அள்ளிக்கினு போயி பொழுது சாயற வரைக்கும் சுத்துங்க'ன்னு சொல்லி, தலைய எண்ணிப் பாத்து இந்த வண்டிய எடுத்தார சொல்லுச்சு. நீ இன்னாடான்னா, நாள் பூரா எறங்கவே மாட்டேன்னுட்ட!"